சேர்ந்து பாடுவோம், மனம் விட்டுப் பேசுவோம்



நம் குழுக் கூட்டங்கள் எப்படி நடக்கின்றன என்று கொஞ்சம் யோசித்துப் பார்ப்போம். உறுதிமொழி, வருகைப் பதிவு, சேமிப்பு, கடன் தவணை, தீர்மானம், கையெழுத்து. முடிந்ததும் அடுப்பு வேலை, ஆட்டுக்குத் தழை, பிள்ளைக்குச் சாப்பாடு என்று ஆளுக்கொரு பக்கம் ஓடிவிடுகிறோம். வாரா வாரம் பக்கத்தில் உட்காருகிற அக்கா மூணு மாசமாகத் தூங்கவில்லை என்பது நமக்குத் தெரிவதில்லை. அவர் தவணை கட்டவில்லை என்பது மட்டும் தெரிகிறது. இந்த இதழின் பாடம் அதைப் பற்றித்தான்.

ஒரு கதையிலிருந்து தொடங்குவோம். ஏ.கே. ராமானுஜன் 1991-இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட இந்திய நாட்டுப்புறக் கதைத் தொகுப்பில் இது தமிழ்க் கதையாக இடம்பெற்றிருக்கிறது. கணவனை இழந்த ஒரு கிழவி. இரண்டு மகன், இரண்டு மருமகள். நாலு பேரும் அவளை ஏசுகிறார்கள். வெளியே சொல்ல ஆளில்லை. சொல்லாத துக்கமெல்லாம் உள்ளேயே தங்கி உடம்பு பெருத்துக்கொண்டே போகிறது. "தின்னு தின்னு ஊதிப் போச்சு" என்று அதற்கும் கேலி. ஒருநாள் மனம் பொறுக்காமல் நடந்து போனவள், கூரையில்லாத பாழடைந்த வீடு ஒன்றுக்குள் நுழைகிறாள். ஒரு சுவரைப் பார்த்து ஒரு மகன் செய்த கொடுமையைச் சொல்கிறாள். பாரம் தாங்காமல் சுவர் இடிந்து விழுகிறது. அவள் உடம்பு கொஞ்சம் இளைக்கிறது. இப்படியே நாலு பேருக்கும் நாலு சுவர். கடைசியில் மனசும் உடம்பும் லேசாகி நிற்கிறாள்.

இதைக் கேட்டால் நம்மில் பலருக்குச் சிரிப்பும் வரும், கண்ணீரும் வரும். அந்தக் கிழவிக்குச் சுவராவது கிடைத்தது. நமக்குக் குழு இருக்கிறது.

நம் பாட்டிமார்களிடம் இதற்கு வழி இருந்தது. இழவு வீட்டு ஒப்பாரியைக் கவனித்திருப்பீர்கள். பெண்கள் வட்டமாக உட்கார்ந்து, தோள்மேல் கை போட்டு, தலையோடு தலை சேர்த்துப் பாடுவார்கள். பாட்டு இறந்தவரைப் பற்றித்தான் தொடங்கும். கொஞ்ச நேரத்தில் பார்த்தால் அண்ணன் சீர் செய்யாதது, புகுந்த வீட்டில் பட்டது, தாய் வீடு இல்லாமல் போனது எல்லாம் அதற்குள் வந்துவிடும். செஞ்சி வட்டாரத்துக் கிராமங்களில் தங்கி ஆராய்ந்த இசபெல் கிளார்க்-டெசே என்ற அறிஞர் 2005-இல் வெளியிட்ட நூலில், ஒப்பாரியில் பெண்கள் பெரும்பாலும் தங்கள் குறைகளுக்காகவே அழுகிறார்கள் என்று எழுதினார். இதைக் குறையாக நாங்கள் நினைக்கவில்லை. வீட்டில் வாய் திறந்தால் அடி விழும் பெண், அங்கே ஊர் கேட்கச் சொல்ல முடிந்தது. பாட்டாகச் சொன்னதால் யாரும் தடுக்கவும் முடியவில்லை.

நடவுப் பாட்டும் முளைப்பாரிக் கும்மியும் வேறு வகை. ஒருத்தி எடுத்துக் கொடுக்க மற்றவர்கள் திருப்பிப் பாடுவது. குரல் நல்லா இருக்கா என்று யாரும் பார்ப்பதில்லை. பேசத் தெரியாதவள், பேச மனசில்லாதவள் கூடக் கைதட்டிக்கொண்டு சேர்ந்துகொள்ளலாம்.

மேற்கு ஆப்பிரிக்காவில் காம்பியா என்று ஒரு சின்ன நாடு. அங்கே 'கன்யெலெங்' என்று பெண்கள் குழுக்கள் உண்டு. குழந்தை இல்லாதவர்களும், பெற்ற பிள்ளைகளைப் பறிகொடுத்தவர்களும் சேர்ந்து அமைத்துக்கொண்டவை. நம்ம ஊரில் அப்படிப்பட்டவர்களை வளைகாப்புக்கே ஒதுக்கி வைக்கிறோம் இல்லையா? அங்கே அவர்கள்தான் விசேஷங்களில் முன்னால் நிற்பார்கள். பிளாஸ்டிக் கேனைத் தட்டித் தாளம் போட்டு, கேலியும் கிண்டலுமாக ஆடிப் பாடுவார்கள். கர்ப்பிணிப் பெண்களின் மனச்சோர்வு குறைய இந்தப் பாட்டு உதவுமா என்று அங்கே ஒரு சிறு ஆய்வு செய்து 2020-இல் வெளியிட்டார்கள். வாரம் ஒருமுறை, ஆறு வாரம், கன்யெலெங் பெண்களே நடத்திய பாட்டுக் கூட்டம். அதில் கலந்துகொண்டவர்களுக்கு மனச்சோர்வின் அறிகுறிகள் குறைந்திருந்தன.

இங்கிலாந்தில் 2015-இல் வந்த இன்னொரு ஆய்வும் நமக்குப் பயன்படும். பெரியவர்களுக்கான வகுப்புகளில் பாட்டு கற்றவர்களையும், கைவேலையும் எழுத்தும் கற்றவர்களையும் ஏழு மாதம் கவனித்தார்கள். முடிவில் எல்லா வகுப்பிலும் நெருக்கம் ஒரே அளவுதான். ஆனால் முதல் மாதத்திலேயே சீக்கிரம் நெருங்கியவர்கள் பாட்டு வகுப்பினர். ஆகவே பாட்டு மட்டும்தான் மருந்து என்று சொல்ல முடியாது. புதிதாகத் தொடங்கிய குழுவுக்கு, ஒருவரை ஒருவர் சரியாகத் தெரியாத குழுவுக்கு, அது நல்ல தொடக்கம்.

சரி, நம் குழுவில் எப்படிச் செய்வது? கணக்கு வழக்கு முழுவதும் முடிந்த பிறகு அரைமணி நேரம் ஒதுக்குங்கள். பணம் எண்ணும்போது பாட்டு வேண்டாம், கணக்கு தப்பும்! மூத்த உறுப்பினர் ஒருவர் தனக்குத் தெரிந்த தாலாட்டோ நடவுப் பாட்டோ எடுத்துக் கொடுக்கட்டும். பிறகு விருப்பமுள்ள ஒருவர் பேசலாம். சொந்தக் கதையாகச் சொல்லக் கூச்சமாக இருந்தால் "ஒரு ஊர்ல ஒருத்தி" என்று தொடங்கட்டும். அந்த ஒருத்தி யார் என்று யாரும் கேட்கக் கூடாது. புத்தியும் சொல்ல வேண்டாம். "நீ கொஞ்சம் அனுசரிச்சுப் போயிருக்கலாம்" என்று ஒருத்தி சொல்லிவிட்டால், அடுத்த வாரம் யாரும் வாய் திறக்க மாட்டார்கள்.

சுவருக்குக் காது மட்டும்தான், குழுவுக்கு வாயும் இருக்கிறதே என்று சிலர் பயப்படலாம். நியாயமான பயம்தான். இங்கே கேட்டது குழாயடிக்குப் போனால் அந்தப் பெண்ணின் வாழ்க்கையே பாழாகும். மாமியாரும் மருமகளும் ஒரே குழுவில் இருக்கும் ஊர்களில் இன்னும் கவனம் வேண்டும். அங்கே பாட்டோடு நிறுத்திக்கொண்டு, பேச வேண்டியவர் தனக்கு நம்பிக்கையான ஒருவரிடம் தனியாகப் பேசுவதே நல்லது. ஊக்குநரும் பிரதிநிதியும் முதல் நாளே இதைச் சொல்லிவிட வேண்டும். பேசியது எதையும் தீர்மான நோட்டில் எழுத வேண்டாம். தவணை தவறியவரை "ஏன் கட்டலைன்னு கதை சொல்லு" என்று நிறுத்துவது விசாரணைதான், அது கூடவே கூடாது. உலக சுகாதார நிறுவனம் 2011-இல் வெளியிட்ட மனநல முதலுதவி வழிகாட்டியும், நடந்ததைச் சொல்லும்படி யாரையும் வற்புறுத்தாதீர்கள் என்றே சொல்கிறது. சும்மா உட்கார்ந்து கேட்பவரும் கலந்துகொண்டவர்தான்.

பாட்டால் தீராத துன்பமும் உண்டு. பல நாள் தூக்கமில்லாதவர், சாப்பாட்டை ஒதுக்குபவர், "நான் இருந்து என்ன" என்று பேசுபவர் இருந்தால், அன்றைக்கே ஒருவர் துணைக்கு இருக்க வேண்டும். 14416 என்ற எண்ணுக்குப் போன் செய்தால் இரவு பகல் எந்நேரமும் கட்டணமின்றி மனநல ஆலோசனை கிடைக்கும், தமிழிலேயே பேசலாம். வீட்டில் அடி உதை என்றால் 181. அரசு மாவட்டத் தலைமை மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. அவரைத் தனியாக அனுப்பாமல் இரண்டு பேர் கூடப் போங்கள். பஸ் செலவைக் குழுவின் பொது நிதியிலிருந்து கொடுக்கலாம். நோட்டில் 'மருத்துவச் செலவு' என்று மட்டும் எழுதினால் போதும்.