ஆடிச் சந்தைக்குக் குதிரை ஏற்றுவோர் இப்போதே செய்ய வேண்டியவை

ஆனி முடிந்து ஆடி பிறக்கவிருக்கும் இந்நாட்கள், கெடிலமும் தென்பெண்ணையும் பாயும் நமது அண்ணாகிராமம் வட்டாரத்திலும், அதை அடுத்த பண்ருட்டி, நெல்லிக்குப்பம், கடலூர், சிதம்பரம் பகுதிகளிலும் குதிரை வைத்திருப்போர், ஈரோடு மாவட்டத்து அந்தியூரில் குருநாதசுவாமி கோயில் ஆடித் திருவிழாவை ஒட்டிக் கூடும் கால்நடைச் சந்தைக்குப் பிரயாண ஏற்பாடுகளைத் தொடங்கும் பருவமாகும். திப்பு சுல்தான் தம் படைக்குக் குதிரை வாங்கிய சந்தை என்று செவிவழியாக வழங்கப்படும் அந்தச் சந்தையில், மார்வாரி, கத்தியவாரி முதலிய ஜாதிக் குதிரைகளும் நாட்டு மட்டக்குதிரைகளும் இன்றும் திரளாக வந்து நிற்கின்றன. விற்கப் போகிறவர்களும் வாங்கப் போகிறவர்களும் விலையைப் பற்றியும் சுழியைப் பற்றியும் பல நாள் முன்னதாகவே யோசிக்கிறார்கள். வழியில் அந்த ஜீவன் எப்படி நிற்கும், என்ன அவஸ்தைப்படும், அதை யார் கவனிப்பார் என்பதைப் பற்றியோ, வண்டி புறப்படும் காலையில்தான் பேச்சு எழுகிறது. அந்தப் பேச்சு இப்போதே எழவேண்டும் என்பதற்காகவே இந்த ஆலோசனை.

பண்ருட்டியிலிருந்து உளுந்தூர்ப்பேட்டை, கள்ளக்குறிச்சி, ஆத்தூர், சேலம், சங்ககிரி, பவானி வழியாக அந்தியூர் செல்வது இருநூறு கிலோமீட்டருக்கு மேற்பட்ட வழி. 1978-ஆம் ஆண்டின் விலங்குகள் போக்குவரத்து விதிகள், குதிரை ஏற்றிய சரக்கு வாகனம் மணிக்கு 35 கிலோமீட்டருக்கு மேல் ஓடக்கூடாது என்கின்றன. அந்த வேகத்தில் போனால் ஓய்வு நேரம் நீங்கலாகவே ஆறேழு மணி நேரம் குதிரை நின்றபடியே வரவேண்டும். நான்கு வழிச் சாலையில் இந்த வேகத்தைக் கடைப்பிடிப்பார் அரிது என்பதை அறிவோம். ஆயினும் அந்த விதி வெறும் கெடுபிடிக்காக எழுதப்பட்டதன்று. குதிரையின் உடல் எடையில் ஏறத்தாழ நூற்றுக்கு அறுபது பங்கு அதன் முன்னங்கால்களிலேயே தங்குகிறது. ஆகையால் பிரேக் போடும் ஒவ்வொரு முறையும், அந்தப் பாரம் முழுவதும் முன்னே சாய, குதிரை நான்கு கால்களையும் அகட்டித் தன்னைத் தானே தாங்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது. மனிதனைப் போல அது எதையும் பிடித்துக்கொள்ள முடியாது.

நம் பக்கத்து வழக்கம் யாவரும் அறிந்ததே. மேல்நாடுகளில் காருக்குப் பின்னால் கொக்கியில் பூட்டி இழுக்கும் குதிரை டிரெய்லர் இங்கே பெரிய பண்ணை வைத்திருப்போர் சிலரிடமே உண்டு. மற்றவர்கள் சின்ன யானை என்று சொல்லப்படும் சிறு வண்டியிலோ, பிக்கப்பிலோ, மினி லாரியிலோ குதிரையை ஏற்றி, அதன் தலைக்கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓர் ஆளையும் பின்னாலேயே நிறுத்திவிடுகிறார்கள். அந்த ஆள் பெரும்பாலும் குதிரையை வளர்த்தவராகவே இருப்பார். அதன் மீது பிரியம் கொண்டவராகவும் இருப்பார். ஆனால் முந்நூறு நானூறு கிலோ எடையுள்ள ஒரு பிராணி மிரண்டு பின்வாங்கும்போது, வண்டியின் பக்கப் பலகைக்கும் அதன் விலாவுக்கும் நடுவே அகப்பட்ட மனிதனுக்குப் பிரியம் ஒரு காப்பாகாது. அவர் கூவினாலும் ஓட்டுநர் காதில் விழுவது அபூர்வம். எனவே, ஓடும் வண்டியில் குதிரையோடு ஆளை நிறுத்தும் பழக்கத்தை இந்த ஆடியிலிருந்தே விட்டொழித்து, அந்த ஆளை ஓட்டுநருக்குப் பக்கத்தில் உட்காரவைத்து, அந்த ஆளின் கண்ணுக்கு முன்னே ஒரு திரையையும் குதிரையின் முன்னே ஒரு கேமராவையும் வையுங்கள் என்பதே நாம் வற்புறுத்திச் சொல்ல வந்த விஷயம். ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு பராமரிப்பாளர் இருக்கவேண்டும் என்று அதே விதிகள் கூறுகின்றன. கேமரா வந்துவிட்டதால் அவர் தேவையில்லை என்று எவரும் எண்ணிவிடலாகாது. அவர் உட்காரும் இடம் மாறுகிறதே தவிர, அவருடைய கடமை மாறவில்லை.

தமிழ்நாட்டுக்கு இது புதிய கவலையும் அன்று. கப்பலில் குதிரைகள் வந்திறங்கிய செய்தியைப் பட்டினப்பாலை சொல்கிறது. பாண்டியனுக்குக் குதிரை வாங்கப் புறப்பட்ட மாணிக்கவாசகரின் வரலாறோ நமது தில்லையிலேதான் நிறைவெய்துகிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் இக்கரைக்கு வந்த மார்க்கோ போலோ, ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் பெரும் பொருள் கொடுத்து வாங்கப்பட்ட குதிரைகள், பராமரிக்கத் தெரிந்தவர் இல்லாமையால் ஓராண்டுக்குள் பெரும்பாலும் மடிந்துபோயின என்று எழுதிவைத்தார். வாங்குவதில் காட்டிய ஆர்வத்தைக் காப்பதில் காட்டாத அந்தக் குறை எழுநூறு ஆண்டுகளுக்குப் பிறகும் நம்மிடம் எஞ்சியிருக்கலாமா?

இனி, கேமராவைத் தேர்ந்தெடுக்கும் விஷயம். கைப்பேசி இணையத்தின் வழியாகப் படம் அனுப்பும் வீட்டுக் கேமராக்கள் மலிவாகக் கிடைக்கின்றன. ஆனால் சாலையில் அலைவரிசை குன்றும் இடங்களில் படம் உறைந்து நின்றுவிடும். உறைந்த படத்தில் குதிரை அமைதியாக நிற்பதாகத் தோன்றுவது, படமே இல்லாதிருப்பதைவிடக் கெடுதலானது. ஆகவே, கேமராவிலிருந்து திரைக்கு நேரே செல்லும் அமைப்பையே வாங்குங்கள். பேருந்துகளுக்கும் லாரிகளுக்கும் பின்புறம் பார்ப்பதற்காகப் பொருத்தப்படும் ஒயர் கேமராவும் ஏழு அங்குலத் திரையும் இதற்குப் போதும். ஒயரில்லாத வகை பொருத்துவதற்கு எளிதென்றாலும், இரும்புத் தகட்டுப் பெட்டி அதன் அலையைத் தடுக்கும். அதனால் இழுவை டிரெய்லர் வைத்திருப்போர் மட்டும், அதையும் ஓட்டிப் பரீட்சித்த பிறகே, அதை நாடுவது நலம். சிறு வண்டிகளின் மின்சாரம் 12 வோல்ட், பெரிய லாரிகளில் 24 வோல்ட். இரண்டையும் தாங்கும் கருவிதானா என்பதைக் கடையிலேயே கேட்டுத் தெரிந்துகொண்டு, தனி பியூஸ் வைத்து வண்டி எலெக்ட்ரீஷியனைக் கொண்டே இணைப்புக் கொடுங்கள். இருட்டிலும் படம் தரும் அகச்சிவப்பு விளக்கு இருக்கவேண்டும். தண்ணீரும் தூசியும் புகாத கூடு வேண்டும். ஒலிவாங்கியும் இருந்தால் மிக உத்தமம். கால் உதைக்கும் சத்தமும் கனைப்பும் சில சமயங்களில் படத்துக்கு முந்தியே ஆபத்தை அறிவிக்கும்.

பொருத்தும் இடத்தில்தான் பலரும் தவறிவிடுகிறார்கள். குதிரை முன்னோக்கி நிற்கும் பிக்கப்பில், ஓட்டுநர் அறைக்கு மேலுள்ள சட்டத்தில், குதிரையின் வாய் எட்டாத உயரத்தில், பின்னோக்கியும் கீழ்நோக்கியும் சாய்த்து வைத்தால், தலை, மார்பு, முன்னங்கால் மூன்றும் ஒருங்கே தெரியும். பெரிய லாரியில் எதிர்வரும் வண்டிகளைக் கண்டு மிரளாதிருக்கும் பொருட்டு, குதிரைகளின் தலை இடப்பக்கம் நோக்கியிருக்க வேண்டுமென்று விதி சொல்கிறது. அவ்வாறு குறுக்கே நிறுத்தும்போது, ஒரு கேமராவை இடப்பக்க முன்மூலையில் உயரே வைத்துத் தலைகளின் வரிசையையும், மற்றொன்றைப் பின்மூலையில் வைத்துப் பின்னங்கால்களையும் பார்க்க வேண்டும். ஒயர்களைக் குழாய்க்குள் விட்டுச் சட்டத்தோடு இறுகக் கட்டுங்கள். சலித்துப்போன குதிரை கண்ணில் பட்டதையெல்லாம் கடிக்கும். இன்னொன்றும் உண்டு. நாம் மேற்கு நோக்கிப் போகிறோம். விடியலில் புறப்பட்டால், பின்னோக்கிய கேமராவின் கண்ணில் உதயசூரியன் நேரே விழுந்து திரை வெளுத்துவிடும். அதன்மேல் ஒரு சிறு தகட்டு மறைப்பு வைத்தால் அந்தத் தொல்லை பெரும்பாலும் நீங்கும்.

கேமராவைப் பொருத்துவதற்குமுன் பெட்டியைச் சரிசெய்யுங்கள் என்பதைச் சொல்லாமல் விட முடியாது. தரையில் வழுக்காத விரிப்பு, ஒவ்வொரு குதிரைக்கும் நடுவே குறைந்தது 8 சென்டிமீட்டர் விட்டமுள்ள மூங்கில், பின்புறம் விழாமல் தாங்க இரண்டு வலிய குறுக்குக் கட்டைகள் ஆகியவை விதியில் உள்ளவை. 2016 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்த மோட்டார் வாகன விதி, ஒரு குதிரைக்கு 2.25 சதுர மீட்டர் இடம் தடுத்து ஒதுக்கவேண்டும் என்கிறது. இடமில்லாத பெட்டிக்குள் கேமரா காட்டுவது குதிரையின் துன்பத்தை மட்டுமே.

எல்லாம் அமைந்த பின், சந்தை நாளுக்கு இரண்டு வாரம் இருக்கும்போதே ஒத்திகை தொடங்குங்கள். முதலில், நிற்கும் வண்டியில் குதிரையை ஏற்றிச் சிறிது கொள்ளும் புல்லும் கொடுத்து இறக்குங்கள். அதற்கு மனம் பழகிய பின், நெல்லிக்குப்பம் வரை போய் வருவதுபோன்ற சிறு சவாரிகள் செய்யுங்கள். இந்த ஒத்திகை குதிரைக்கு எவ்வளவு அவசியமோ, திரையைப் பார்க்கப்போகிறவருக்கும் அவ்வளவு அவசியம். தன் குதிரை சாதாரணமாக எப்படி நிற்கிறது என்பதைத் திரையில் பார்த்துப் பழகாதவருக்கு அசாதாரணம் எது என்று புலப்படாது.

அவர் பார்க்க வேண்டியவை யாவை? கால்களைச் சற்றே அகட்டி நிற்பதும், வளைவுகளில் எடையை மாற்றிக்கொள்வதும், இடையிடையே புல் மெல்லுவதும், காது இப்படியும் அப்படியும் திரும்புவதும் நல்ல குறிகள். முன்னங்காலால் தரையை இடைவிடாது பறித்தல், தலையை மேலும் கீழும் வீசுதல், மூக்கு விரிதல், கழுத்திலும் மார்பிலும் ரோமம் நனைந்து கறுத்துத் தோன்றும் அளவுக்கு வியர்த்தல் ஆகியவை அச்சத்தின் அல்லது வெப்பத்தின் அறிகுறிகள். விலாவைத் திரும்பித் திரும்பிப் பார்த்தால் வயிற்று வலியைச் சந்தேகிக்க வேண்டும். கயிற்றிலோ மூங்கிலிலோ கால் சிக்கினால் ஒரு விநாடியும் தாமதிக்கலாகாது. ஆனால் எல்லாவற்றிலும் ஏமாற்றுவது, தலையைத் தொங்கவிட்டுக்கொண்டு, புல்லைத் தொடாமல், காது அசையாமல் நிற்கும் குதிரை. சாதுவாக வருகிறதே என்று அதைக் கண்டு மகிழாதீர்கள். களைத்தோ, நோயுற்றோ போன பிராணியின் மௌனமாக அது இருக்கலாம். வண்டி நிற்கும்போது விலா ஏறி இறங்குவதை ஒரு நிமிடம் எண்ணிப் பாருங்கள். அமைதியான நிலையில் நிமிடத்துக்கு 8 முதல் 16 மூச்சு இருக்கும். பிரயாணத்தில் அது சற்றுக் கூடுவது இயல்பு. நிறுத்தி இளைப்பாறிய பிறகும் தணியாவிட்டால் அது கவலைக்குரியது.

ஓட்டுநர் மட்டும் அந்தத் திரையைப் பார்க்கவே கூடாது. பராமரிப்பாளர் பக்கம் திருப்பி, ஓட்டுநர் கண்ணில் படாதவாறு அதை வையுங்கள். வண்டி ஓட்டுகையில் கைப்பேசியைக் கையாள்வது சட்டப்படி குற்றம். அதைவிடவும், அரை நிமிடம் சாலையிலிருந்து கண்ணெடுத்தவர் போடும் திடீர் பிரேக்கே குதிரையைக் கீழே தள்ளிவிடக்கூடும் என்பதை மனத்தில் கொள்ளுங்கள்.

திரையில் ஏதேனும் தவறாகக் கண்டால், பராமரிப்பாளர் பதற்றமின்றி ஒரே சொல்லில் அறிவிக்க, ஓட்டுநர் மெல்ல வேகம் தணித்து இடப்புறம் ஒதுங்கி, எச்சரிக்கை விளக்குகளைப் போடட்டும். சாலையோரத்தில் பின்கதவைச் சட்டென்று திறந்துவிடாதீர்கள். மிரண்ட குதிரை நெடுஞ்சாலையில் பாய்ந்துவிட்டால் அதற்கும் பிறருக்கும் ஆபத்து. முதலில் பக்கத்திலிருந்து, அது பழகிய குரலில் பேசுங்கள். தலைக்கயிறு எப்போதும் இழுத்தால் அவிழும் முடிச்சாகவே இருக்கட்டும். கயிறறுக்க ஒரு கத்தி கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். விழுந்துவிட்ட குதிரையை வழிப்போக்கர்களைக் கூட்டித் தூக்க முயலாமல், கால்நடை நடமாடும் மருத்துவ ஊர்திக்கான 1962 என்ற எண்ணை உடனே அழையுங்கள்.

கேமராவால் காட்ட முடியாதது வெப்பம். ஐரோப்பிய ஒன்றியம் 2004 இறுதியில் இயற்றிய விதிகள், கால்நடைகள் நெடுந்தூரம் செல்லும் வண்டிகளில் உள்வெப்பத்தை அளந்து ஓட்டுநரை எச்சரிக்கும் கருவி வேண்டுமென்கின்றன. நாம் ஒரு சாதாரண வெப்பமானியைக் கேமராவின் பார்வையில் படுமாறு தொங்கவிட்டாலே போதும். இலக்கம் திரையில் தெரியும். ஆடிக் காற்று வீசினாலும் நண்பகல் வெயில் நம் சாலைகளில் குறைந்தபாடில்லை. நள்ளிரவு கழிந்து புறப்பட்டு, வெயில் ஏறுமுன் வழியின் பெரும்பகுதியைக் கடந்துவிடுங்கள். தார்ப்பாயைக் கூரையாக மட்டும் கட்டி, பக்கங்களில் காற்றோட்டம் விடுங்கள். மூன்று நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை நிழலில் நிறுத்தித் தண்ணீர் காட்டுங்கள்.

அப்படி நிறுத்தும்போதெல்லாம் தலைக்கயிற்றைத் தளர்த்தி, குதிரை தலையைத் தாழ்த்த இடங்கொடுங்கள். தலையை உயர்த்திக் கட்டியே பல மணி நேரம் கொண்டுபோனால், மூச்சுக்குழாயில் சேரும் தூசியும் கிருமியும் வெளியேற வழியின்றி நுரையீரலில் இறங்கி, பிரயாணக் காய்ச்சல் என்னும் கொடிய நோய் உண்டாகும். ஓட்டத்தின்போதும் கயிறு அளவுக்கு மீறிக் குட்டையாக இருக்கிறதா என்பதைத் திரையிலேயே கண்டுகொள்ளலாம்.

பிரயாணத்துக்குத் தகுதியுள்ளது என்னும் கால்நடை மருத்துவரின் சான்றிதழ் இல்லாமல் ஏற்றக்கூடாது. அருகிலுள்ள அரசு கால்நடை மருந்தகத்தில் முன்னதாகவே தெரிவித்து வையுங்கள். சினைக் குதிரையையும் குட்டியையும் மற்றவற்றோடு சேர்த்து ஏற்றாதீர்கள்.

திரும்பி வரும் பிரயாணத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. சந்தையில் புதிதாக வாங்கிய குதிரைக்கு உங்கள் வண்டியும் தெரியாது, உங்கள் குரலும் தெரியாது. பல ஊர்க் குதிரைகளோடு நெருங்கி நின்ற களைப்பும் அதனிடம் இருக்கும். போகும்போது வைத்த கண்ணை வரும்போது இருமடங்காக வையுங்கள். புறப்படுமுன் கேமராவின் கண்ணாடியில் படிந்த தூசியை ஈரத்துணியால் துடையுங்கள். ஊர் வந்து சேர்ந்தபின் புதுக் குதிரையை இரண்டு வாரமேனும் பழைய குதிரைகளிலிருந்து பிரித்து நிறுத்தி, முதல் வாரம் காலையும் மாலையும் உடல் வெப்பத்தைப் பாருங்கள். 37.5 முதல் 38.5 டிகிரி செல்சியஸ் வரை இயல்பானது. அதற்கு மேல் ஏறினாலோ, இருமினாலோ, தீனியை வெறுத்தாலோ, அன்றைய பொழுதுக்குள் மருத்துவரிடம் காட்டுங்கள். பிரயாணக் காய்ச்சல் வழியில் மட்டுமன்றி, வீடு சேர்ந்த சில நாட்களிலும் தலைகாட்டும்.