வீட்டு மீன்குளத்தில் நீர்த்தாவரங்கள்

திருவனந்தபுரம் மாவட்டத்து அம்பூரி, நெய்யாறு நீர்த்தேக்கத்தை அடுத்த மலையடிவார ஊராகும். இத்தகைய ஊர்களில் மழைக்காலத்தில் கொல்லைப்புற மீன்குளம் நிரம்பி வழிந்தால், அதிலுள்ள செடியும் ஓடைவழியே நீர்த்தேக்கத்தை அடையக்கூடும். எனவே எந்தச் செடியை நடுவது என்பது வீட்டோடு முடியும் செய்தியன்று.

பிரேசிலைத் தாயகமாகக் கொண்ட சால்வினியா, கேரளத்தில் ஆப்பிரிக்கப் பாயல் என வழங்குகிறது. குட்டநாட்டு வயல்களையும் கால்வாய்களையும் மூடிய இக்களை, அதனை மட்டுமே உண்ணும் கூன்வண்டு 1980-களில் விடப்பட்ட பின்னரே தணிந்தது. இதனையும் ஆகாயத்தாமரையையும் குளத்தில் இடலாகாது.

நீருள் வளரும் செடிகள் பகலில் பிராணவாயுவை வெளியிடுகின்றன. இரவிலோ மீன்களைப் போலவே அதனைச் செலவிடுகின்றன. செடி மிகுந்தால் விடியற்காலையில் மீன்கள் நீர்மட்டத்திற்கு வந்து திணறும். ஆதலின் குளப்பரப்பில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் செடி பரவ விடலாகாது.

உள்நாட்டுச் செடிகளான அல்லியையும் வேலம்பாசியையும் மண் நிரப்பிய தொட்டிகளில் நட்டு, மேலே கூழாங்கல் பரப்பிக் குளத்தில் இறக்குதல் நன்று. அவை வேரூன்றிய பின்னரே மீன்குஞ்சுகளை விட வேண்டும். புல்கெண்டை செடிகளைத் தின்றுவிடும். சாதாக்கெண்டை வேரைக் கிளறும். ஆகவே செடிகள் வளரும் குளத்திற்கு இவ்விரண்டும் ஏற்றவையல்ல.

நீர் வழியும் வாயில் நெருக்கமான வலை கட்டுதல் அவசியம். வேலம்பாசியின் சிறு துண்டும் தழைத்துவிடும். அகற்றிய செடிகளை ஓடையில் எறியாது, மக்கச் செய்து தென்னைக்கு உரமாக இடுதல் வேண்டும்.