சொல்வதை நம்பாதே, அளந்து பார்!



முத்துப்பேட்டையில் எங்கள் தெரு ஓய்வுபெற்ற இராணுவ மாமா, "இச்சாப்பூர் சரக்கெல்லாம் பழைய த்ரீ நாட் த்ரீக்குக் குழாய் மாத்தினதுடா" என்பார். நானும் என்.சி.சி. நண்பர்களிடம் அதையே சொல்லித் திரிந்தேன். படித்தபின் வெட்கமாகிவிட்டது.

1962 சீனப் போருக்குப்பின் வங்காளத்து இச்சாப்பூர் ஆலை 7.62 மி.மீ. ரைஃபிளைச் செய்தது. வடிவம் பழைய லீ-என்ஃபீல்டு. ஆனால் தோட்டாவின் அழுத்தம் கூடுதல் என்பதால் உறுதியான எஃகில் புதிதாகவே செய்தார்கள். இராணுவம் கழித்த இவற்றை அமெரிக்காவில் சிலர் குட்டையாக வெட்டி, 'ஜங்கிள் கார்பைன்' என்றும் விற்றார்கள். அசல் ஜங்கிள் கார்பைனோ இரண்டாம் உலகப்போர்க்கால பிரிட்டிஷ் .303!

சேகரிப்பவர் பார்க்க வேண்டியவை:

1. முத்திரை: ஆலை, மாடல், ஆண்டு. பிறப்பைச் சொல்லும், தரத்தைச் சொல்லாது.
2. குழாய்: உள்வரிகளில் தேய்மானம், துரு.
3. அளவி: 'கோ' அளவியில் போல்ட் மூட வேண்டும், 'நோ-கோ'வில் மூடக்கூடாது. மூடினால் இடைவெளி அதிகம். தோட்டாக்கூடு கிழிந்து சுடுபவருக்கே ஆபத்து.

1959 ஆயுதச் சட்டம் இருக்க, நம்மூரில் இதையெல்லாம் வாங்கிச் சேர்க்க முடியாது. ஆனால் நாளைக்கே பழைய லேத் வாங்கப் போவோமே!

மாமாவிடம் விளக்கினேன். "சரி, நீ அளந்து பாத்தியா?" என்றார்.

"இல்ல மாமா, படிச்சேன்."

"நானும் கேட்டதைத்தாண்டா சொன்னேன்" என்று சிரித்தார். மறுநாளே பட்டறையில் அளவியைக் கையில் எடுத்தேன். நீங்களும் எடுங்கள்!