உடலும் ஊரார் கண்ணும்

மனிதனுடைய உயரத்தை அளக்க அடிக்கோல் உண்டு; எடையை நிறுக்கத் துலாக்கோல் உண்டு. தன் உடலை அவன் விரும்புகின்றானா, அதனைக் குறித்து நாணுகின்றானா என்பதை எக்கோல் கொண்டு அளப்பது? அவ்விருப்பும் நாணமும் பிறரோடு பழகியதனால் விளைந்தவை எவ்வளவு என்று காண்பது அதனினும் அரிது.

1953-ஆம் ஆண்டில் ஸெகார்டு, ஜூரார்டு என்னும் மனோதத்துவ நூலார் இருவர், உடலின் உறுப்புக்களையும் தொழில்களையும் பட்டியலாக எழுதி, ஒவ்வொன்றும் தமக்கு எவ்வளவு உவப்பானது என்பதற்கு ஒன்று முதல் ஐந்து வரை எண்ணிடுமாறு கல்லூரி மாணவரைக் கேட்டனர். எளிய முறையே. ஆயினும் அது மனத்தின் தீர்ப்பைக் காட்டுமேயன்றி, அத்தீர்ப்பு எங்கிருந்து வந்தது என்பதைக் காட்டாது.

1985-இல் ஃபாலன், ரோஸின் என்போர் ஒருபடி மேற்சென்றனர். மிக மெலிந்தது முதல் மிகப் பருத்தது வரை ஒன்பது உருவப் படங்களை மாணவர்முன் வைத்து, உம் உருவம் எது, நீர் விரும்பும் உருவம் எது, எதிர்பாலார் விரும்புவதாக நீர் கருதுவது எது என்று வினவினர். ஆடவர் மூன்றுக்கும் ஏறக்குறைய ஒரே படத்தைச் சுட்டினர். பெண்களோ தம் உருவத்தைவிட மெலிந்ததையே விரும்பினர். ஆடவரைத் தனியே கேட்டபொழுது, பெண்கள் நினைத்த அளவு மெலிவை அவர்கள் விரும்பவில்லை! அப்பெண்கள் அஞ்சிய கண் வேறு. மெய்யாகவே நோக்கிய கண் வேறு.

இவ்வேற்றுமையை இன்னும் தெளிவாகக் காட்டுவது, 1980-இல் கிளெக், ஸ்டிரெண்டா என்போர் வெளியிட்ட சோதனையாகும். சிலருடைய முகத்தில் வண்ணப்பூச்சினால் ஒரு வடுவை வரைந்து, கண்ணாடியிற் காட்டினர். பின்னர், பூச்சு வெடியாதிருக்க மருந்து தடவுவதாகச் சொல்லி, அவரறியாமலே வடுவை முற்றும் துடைத்துவிட்டனர். வடு இருப்பதாகவே எண்ணி அவர்கள் ஓர் அயலாருடன் உரையாடினர். உரையாடல் முடிந்தபின், எதிரிலிருந்தவர் தம் வடுவினால் வேறுபட்டு நடந்துகொண்டார் என்றே பலரும் கூறினர். எதிரிலிருந்தவர் கண்டதோ வடுவற்ற முகம்.

இதனைக்கொண்டு, உருவத்தால் இகழப்பட்டதாகச் சொல்வோர் எல்லாரும் வீண் கற்பனை செய்கின்றனர் என்று முடிவு கட்டுவாரும் உளர். அது பெரும் பிழையென்பது என் கருத்து. வடுவுள்ள முகத்தை உலகம் எவ்வாறு நோக்கும் என்பதை அம்மாணாக்கர் அச்சோதனை அறையிலா கற்றனர்? வீட்டிலும் வீதியிலும் பள்ளியிலும் பிறர் பெற்ற இகழ்ச்சியைப் பல ஆண்டுகள் கண்டன்றோ அதனை எதிர்பார்த்தனர்! வெண்குட்டம் உடையாரிடமும் தீப்புண் பட்டாரிடமும், ‘எல்லாம் உம் மனப்பிரமை’ என்று சொல்ல இச்சோதனை யாருக்கும் உரிமை தரவில்லை. மெய்யாக வடுவுடையார் அதில் ஆராயப்படவுமில்லை.

ஆகவே, ‘உம்மை எத்தனை முறை எள்ளினர்?’ என்று வினாத்தாளிற் கேட்டு, வந்த எண்ணை நடந்ததன் அளவாகக் கொள்ளுதல் போதாது. முதிர்ந்த ஒருவர் பழையதை நினைந்து எழுதும் விடையில் அன்று நடந்ததும் இன்று தம் உடலைக் குறித்து அவர் எண்ணுவதும் கலந்திருக்கும். நாணம் எள்ளலை நினைப்பூட்டியதா, எள்ளல் நாணத்தை விளைத்ததா என்பதை ஒருநாள் வினாத்தாள் சொல்லாது. அதே மக்களை ஆண்டுதோறும் தொடர்ந்து கேட்டு, அருகிருந்து கண்டார் கூற்றையும் உடன்வைத்துப் பார்க்கும்பொழுதே முன்னது எது, பின்னது எது என்பது புலப்படத் தொடங்கும். அதற்குப் பொருளும் பொறுமையும் மிக வேண்டும். வினாத்தாளுக்கோ ஒரு பிற்பகல் போதும்.