விண்டோஸ் இயங்க மறுக்கிறதா? ரெகவரி மோடில் சரி செய்திடலாம்

கம்ப்யூட்டரை ஆன் செய்கிறீர்கள். விண்டோஸ் லோகோ வருகிறது. அதன் கீழ் புள்ளிகள் சுற்றுகின்றன. சுற்றிக் கொண்டே இருக்கின்றன. டெஸ்க்டாப் வரவில்லை. அல்லது நீலத் திரை காட்டி, மீண்டும் மீண்டும் ரீஸ்டார்ட் ஆகிறது. கடைக்குத் தூக்கிச் சென்றால் பல இடங்களில் கிடைக்கும் பதில், “பார்மட் செய்ய வேண்டும்” என்பதுதான். பார்மட் செய்தால் விண்டோஸ் வந்துவிடும். ஆனால் சி டிரைவில் வைத்திருந்த குழந்தையின் போட்டோக்களும் வீட்டுக் கணக்கும் போய்விடும். அதற்கு முன் நீங்களே செய்து பார்க்கக் கூடியவை பல உள்ளன. இவற்றுக்கு உதவுவது ரெகவரி மோட்.

ஹார்ட் டிஸ்க்கில், நம் கண்ணில் படாத தனிப் பகுதி ஒன்றில், சிறிய விண்டோஸ் ஒன்று பதிந்து வைக்கப்பட்டுள்ளது. பெரிய விண்டோஸ் படுத்துவிட்டாலும் இது எழுந்து வரும். எக்ஸ்பி காலத்தில் இந்த வேலைக்கு சிடியைப் போட்டு, கறுப்புத் திரையில் கட்டளைகளை டைப் செய்ய வேண்டியிருந்தது. 2007ல் விஸ்டாவுடன்தான் மெனு வடிவில் வந்தது.

பழைய பழக்கத்தில் எப்8 கீயை அழுத்திப் பயனில்லை. 2012ல் வந்த விண்டோஸ் 8 முதல் அது வழக்கமாகச் செயல்படுவதில்லை. லாக் இன் திரை வரை கம்ப்யூட்டர் வருகிறது எனில், ஷிப்ட் கீயை அழுத்தியபடி பவர் ஐகானில் ரீஸ்டார்ட் கிளிக் செய்திடவும். அதுவும் வரவில்லையா? லோகோ தோன்றியவுடன் பவர் பட்டனைப் பத்து விநாடிகள் அழுத்திப் பிடித்து நிறுத்தவும். இப்படி இரண்டு முறை துவக்கம் தடைப்பட்டால், மூன்றாம் முறை விண்டோஸ் தானாகவே ரெகவரி மோடுக்குச் செல்லும். சாதாரண நாட்களில் இப்படி நிறுத்தக் கூடாது.

நீலத் திரையில் ட்ரபிள்ஷூட், அதில் அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ் தேர்ந்தெடுக்கவும். லேப்டாப் எனில் சார்ஜரை இணைத்துவிட்டுத் தொடங்கவும். முதலில் ஸ்டார்ட்அப் ரிப்பேர். இது உங்கள் பைல்களைத் தொடாது. சரியாகவில்லை என்றால், சமீபத்தில் அப்டேட் ஏதேனும் வந்ததா என்று யோசியுங்கள். வந்திருந்தால் அன்இன்ஸ்டால் அப்டேட்ஸ் மூலம் அதை நீக்கலாம். அடுத்தது சிஸ்டம் ரெஸ்டோர். இது விண்டோஸ் அமைப்பை முந்தைய ஒரு நாளுக்குக் கொண்டு செல்லும். அந்த நாளுக்குப் பின் பதிந்த புரோகிராம்களும் டிரைவர்களும் நீங்கும். போட்டோ, டாகுமெண்ட் அப்படியே இருக்கும். ஆனால் பல கம்ப்யூட்டர்களில் இந்த வசதி ஆன் செய்யப்பட்டிருப்பதில்லை. கம்ப்யூட்டர் நன்றாக இருக்கும்போதே சிஸ்டம் புரடக் ஷன் பகுதியில் பார்த்துவிடுங்கள்.

ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ் சென்று ரீஸ்டார்ட் செய்து, 4 அழுத்தினால் சேப் மோட் கிடைக்கும். அவசியமான டிரைவர்கள் மட்டுமே இதில் இயங்கும். புதிதாகப் பதிந்த புரோகிராமின் மீது சந்தேகமா? இங்கு வந்து நீக்கலாம். 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்டிரைக் பாதுகாப்பு புரோகிராமின் தவறான அப்டேட்டால் உலகெங்கும் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் முடங்கின. விமான நிலையங்கள் திணறின. அவற்றில் பெரும் பகுதிக்கு மருந்து இதுதான்: சேப் மோடில் நுழைந்து ஒரு பைலை அழித்தல்.

அன்று பலரைத் தடுத்து நிறுத்தியது பிட்லாக்கர். டிஸ்க்கில் உள்ளதைப் பூட்டி வைக்கும் இந்த வசதி, ரெகவரி மோடில் சில வேலைகளுக்கு 48 இலக்க எண்ணைக் கேட்கும். புதிய விண்டோஸ் 11 கம்ப்யூட்டர்களில், மைக்ரோசாப்ட் அக்கவுண்ட் மூலம் நுழைந்திருந்தால், உங்களுக்குத் தெரியாமலே இது ஆன் ஆகியிருக்கலாம். எண் அந்த அக்கவுண்ட்டில் பதிவாகியிருக்கும். மொபைல் போனிலேயே பார்க்கலாம். அந்த எண் எங்கும் இல்லையென்றால், மைக்ரோசாப்ட் நிறுவனத்தாலும் பூட்டைத் திறக்க முடியாது. ஆகவே இன்றே பார்த்து, தாளில் எழுதி வையுங்கள்.

எதுவும் பலிக்கவில்லையா? ரீசெட் திஸ் பி.சி. பக்கம் போகும் முன் பைல்களை வெளியே எடுத்துவிடலாம். பென் டிரைவைச் செருகி, அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸில் கமாண்ட் பிராம்ப்ட் திறக்கவும். நோட்பேட் என ஆங்கிலத்தில் டைப் செய்து என்டர் தட்டவும். பைல் மெனுவில் ஓப்பன் கிளிக் செய்து, கீழே ஆல் பைல்ஸ் தேர்ந்தெடுக்கவும். கிடைக்கும் கட்டத்தில் உங்கள் டிரைவ்கள் தெரியும். சி டிரைவ் இங்கு வேறு எழுத்தில் இருக்கலாம், குழம்ப வேண்டாம். யூசர்ஸ் போல்டரில் உங்கள் பெயருக்குள் சென்று, வேண்டிய போல்டரை ரைட் கிளிக் செய்து காப்பி செய்து, பென் டிரைவில் பேஸ்ட் செய்திடவும். எவ்வளவு முடிந்தது என்று காட்டும் பட்டை வராது. திரை உறைந்தது போலத் தெரியும். பொறுத்திருங்கள். டிஸ்க்கிலிருந்து டக் டக் என்று சத்தம் வந்தால் மட்டும் உடனே நிறுத்தி, டேட்டா மீட்பவரிடம் கொடுக்கவும்.

ரீசெட்டில் கீப் மை பைல்ஸ் என்பதையே தேர்ந்தெடுக்கவும். பைல்கள் இருக்கும், நீங்கள் பதிந்த புரோகிராம்களை மீண்டும் பதிய வேண்டும். ரிமூவ் எவ்ரிதிங் எல்லாவற்றையும் அழித்துவிடும்.

ரெகவரி மோடே வரவில்லை எனில், நண்பரின் கம்ப்யூட்டரில் மைக்ரோசாப்ட்டின் மீடியா கிரியேஷன் டூல் இறக்கி, 8 ஜிபி பென் டிரைவில் விண்டோஸை அமைத்துக் கொள்ளவும். பென் டிரைவில் உள்ளவை அழிந்துவிடும் என்பதால் காலியானதாகப் பார்த்து எடுக்கவும். அதிலிருந்து பூட் செய்ததும் இன்ஸ்டால், ரிப்பேர் என இரண்டும் கண்ணில் படும். ரிப்பேரைத் தேர்ந்தெடுத்தால் மேலே சொன்ன அதே மெனு கிடைக்கும்.