காதால் கற்கும் குறிகள்

பேசும்போது நமது குரல் ஏறும், இறங்கும், சில வேளை நடுங்கும். கேட்பவர் அதிலிருந்தே பாதிப் பொருளை விளங்கிக்கொள்வார். எழுத்துக்குக் குரல் இல்லை. அந்தக் குறையைத் தீர்ப்பவை நிறுத்தக்குறிகள். பழைய ஏட்டுச் சுவடிகளில் வினாக்குறியும் வியப்புக்குறியும் இல்லை. அவை ஐரோப்பிய அச்சு முறையோடு தமிழுக்கு வந்தவை. நம் நாட்டில் ஆறுமுக நாவலர் (1822–1879) தமது உரைநடை நூல்களில் நிறுத்தக்குறிகளை ஒழுங்காகக் கையாண்டு வழிகாட்டினார்.

ஆரம்பப் பிரிவில் தமிழ் கற்பிக்கும் எனக்கு, இவ்விரு குறிகளையும் பற்றிச் சொல்ல ஒன்று உண்டு. இவற்றைக் கண்ணுக்குக் காட்டும் முன் காதுக்குக் காட்ட வேண்டும்.

“யார், என்ன, எங்கே, எப்போது என்ற சொல் வந்தால் வினாக்குறி போடு” என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பது வழக்கம். நன்னூலும் எ, யா, ஆ, ஓ, ஏ என்ற ஐந்தையும் வினா எழுத்துகள் என்கின்றது. ஆகவே இது நல்ல தொடக்கம்தான். ஆனால் இதோடு நிறுத்திவிட்டால் பிள்ளை விரைவில் தடுமாறும். இவற்றைப் பாருங்கள்:

அது எவ்வளவு பெரிய மீன்?
அது எவ்வளவு பெரிய மீன்!
நானா எங்கே போனார் என்று உம்மா கேட்டார்.

முதலாவதில் மீனைக் காணாதவர் கேட்கின்றார். இரண்டாவதில் கண்டவர் வியக்கின்றார். சொற்களோ ஒன்றே. மூன்றாவதில் ‘எங்கே’ என்ற சொல் இருந்தும் வினாக்குறி இல்லை. உம்மா கேட்டதை எழுதுபவர் நமக்குச் சொல்கின்றாரே தவிர, நம்மிடம் எதையும் கேட்கவில்லை. எனவே சொல்லை மட்டும் பார்த்துக் குறியிட முடியாது. சொல்பவரின் எண்ணத்தையும் அறிய வேண்டும்.

எனது வகுப்பில் முதல் இரண்டு பாடவேளைகளிலும் பிள்ளைகள் பென்சிலைத் தொடுவதில்லை. ஒரு வாக்கியத்தை மூன்று விதமாகச் சொல்வேன். செய்தியாகச் சொன்னால் கைகளை மேசையில் வைப்பார்கள். கேள்வியாகக் கேட்டால் ஒரு விரலை வளைத்துக் காதருகே பிடிப்பார்கள். வியந்து சொன்னால் இரு கைகளையும் உயர்த்துவார்கள். அடுத்து அவர்கள் சொல்ல, நான் கை காட்டுவேன். அதன் பின்னரே கரும்பலகையில் குறிகளை எழுதுவேன். அப்போது குறி அவர்களுக்குப் புதிதாக இராது. கேட்டுப் பழகிய குரலின் வடிவமாகவே தெரியும்.

தரம் 3 மாணவி ஒருத்தி, கட்டாரில் வேலை செய்யும் வாப்பாவுக்குக் கடிதம் எழுதினாள். “பெருநாளைக்கு வருவீங்கதானே” என்று எழுதிவிட்டு, “டீச்சர், இதுக்கு எந்தக் குறி?” என்று கொப்பியை நீட்டினாள். வாசித்துக் காட்டச் சொன்னேன். முதலில் துள்ளலோடு வாசித்தாள். அது வியப்புக்குறிக்கு உரிய குரல். மறுமுறை வாசிக்கையில் கடைசிச் சொல்லில் குரல் மெதுவாக உயர்ந்து நின்றது. சிறிது நேரம் யோசித்து வினாக்குறியை இட்டாள். நான் சொல்லி அவள் எழுதியிருந்தால், அந்த ஏக்கம் வாப்பாவிடம் போய்ச் சேர்ந்திராமல் இருக்கலாம்.

வேறு இரண்டு விடயங்களையும் கவனிக்க வேண்டும். அரபு வலமிருந்து இடமாக எழுதப்படுவதால் அதன் வினாக்குறி எதிர்ப்பக்கம் திரும்பி நிற்கும். இரு மொழிகளையும் ஒருசேர எழுதப் பழகும் பிள்ளைகள் சிலர் தமிழ்க் கொப்பியிலும் அவ்வாறே இடுவர். ஏசாமல், இரண்டையும் அருகருகே எழுதிக் காட்டினால் போதும். அடுத்தது, கைத்தொலைபேசிச் செய்திகளைப் பார்த்து நான்கைந்து வியப்புக்குறிகளை வரிசையாக இடும் பழக்கம். எல்லாவற்றுக்கும் கூச்சலிட்டால் உண்மையான வியப்பு எங்கே கேட்கும்? ஒன்றே போதும்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். இரவில் பத்து நிமிடமாவது பிள்ளையோடு கதை வாசியுங்கள். குறி வருமிடத்தில் குரலை மாற்றி வாசியுங்கள். பிள்ளை கேள்வி கேட்டால், “சும்மா இரு” என்று அடக்காதீர்கள். வாயால் கேட்கப் பயப்படும் பிள்ளை, கொப்பியில் இடும் வினாக்குறி வெறும் வளைந்த கோடுதான்.

மாணவிகளே, வீட்டிலுள்ள தங்கைக்கு இந்தச் சிறு பயிற்சியைக் கொடுத்துப் பாருங்கள். குறிகள் இல்லாமல் எழுதிக் கொடுங்கள்:

இன்று யார் சமைத்தது
ஆஹா, மழை வந்துவிட்டது
யார் வந்தாலும் கதவைத் திறக்காதே
வானத்தில் எத்தனை நட்சத்திரங்கள்

கடைசி வரிக்கு இரு குறிகளும் பொருந்தும். அவள் எதை இட்டாலும் சரி, பிழை சொல்ல வேண்டாம். என்ன நினைத்து இட்டாள் என்று கேளுங்கள். அவள் சொல்லும் பதிலில் பாடம் விளங்கியதா என்பது தெரிந்துவிடும்.