தண்டவாளத்தின் அருகில் ஒரு வீடு

இருப்புப்பாதையை ஒட்டி வாழ்வோர்க்குக் கடிகாரம் வேண்டுவதில்லை. அலமாரியில் அடுக்கிய எவர்சில்வர் தட்டுகள் கிணுகிணுத்தால் வண்டி வருகிறது என அறிந்துகொள்வர். பகலில் அது விளையாட்டு. நள்ளிரவில் கைக்குழந்தையை உறங்கவைக்கும் தாய்க்கு அது விளையாட்டன்று.

சக்கரமும் தண்டவாளமும் வழவழப்பாகத் தோன்றினும் அவற்றில் நுண்ணிய மேடுபள்ளங்கள் உண்டு. பல டன் எடை அவற்றின்மீது உருளும்போது பிறக்கும் அதிர்வு, மண்வழியே பரவிக் கட்டடத்தின் அடித்தளத்தை அடைந்து சுவரையும் தளத்தையும் நடுங்கச் செய்கிறது. இடையில் உயர்ந்த மதில் எழுப்பினால் போதாதா எனச் சிலர் கேட்பர். மதில் காற்றில் வரும் ஓசையைக் குறைக்கும். மண்ணுக்குள் வருவதை அது அறியாது.

ஆகவே முதல் மருத்துவம் தண்டவாளத்திற்கே. அதனைத் தேய்த்துச் சமப்படுத்துவர். துண்டுகளைப் பற்றவைத்து இடைவெளியை நீக்குவர். பழைய 'தடக் தடக்' ஓசை இன்று அருகியிருப்பது இதனால்தான். மும்பையின் மூன்றாம் மெட்ரோ தடம் தாராவி வழியாகவும் தென்மும்பையின் பழங்கட்டடங்களுக்கு அருகிலும் நிலத்தடியில் செல்கிறது. அங்கே தண்டவாளத்தைத் தாங்கும் கான்கிரீட் கட்டைகளுக்கு ரப்பர் உறை அணிவித்துள்ளனர். காலணி அணிந்த தண்டவாளம் எனலாம்.

கட்டடத்திற்கே காலணி அணிவிப்பதும் உண்டு. இலண்டனில் செயின்ட் ஜேம்ஸ் பார்க் சுரங்க ரயில் நிலையத்தின் மேலே 1966ஆம் ஆண்டில் எழுந்த ஆல்பனி கோர்ட் என்னும் அடுக்குமாடிக் குடியிருப்பு, இயற்கை ரப்பர்த் திண்டுகளின்மீது நிற்கிறது. கனத்த கட்டடத்தை மென்மையான ரப்பர் எவ்வாறு காக்கும்? ஊஞ்சலை எண்ணிப் பாருங்கள். அதன் தாளத்திற்கு ஏற்பத் தள்ளினால் உயரே போகும். படபடவென விரைந்து தட்டினால் நின்ற இடத்திலேயே சிறிது நடுங்கும். ரப்பர்மீது நிற்கும் கட்டடம் மெதுவாக அசையும் இயல்புடையது. ரயிலின் விரைந்த அதிர்வுக்கு அது இணங்குவதில்லை.

அக்காலத்தில் உலகிலேயே மிகுதியான இயற்கை ரப்பரை விளைவித்த நாடு மலேசியா. அங்கே விடியுமுன் எழுந்து பால்மரம் சீவியவர்களுள் பல்லாயிரவர் தமிழர்.

ஆயினும் ஒன்று. திண்டுகளைக் கட்டடம் எழும்போதே வைத்தல் வேண்டும். எழுந்தபின் வைப்பது மிக அரிது, செலவும் பெரிது. பழைய வீட்டில் வாழ்வோர், தண்டவாளம் சீராக்கப்படுவதையே நம்பியிருக்கின்றனர்.

சொற்பொருள்: அருகுதல் – குறைதல், அரிது – எளிதன்று, திண்டு – தாங்கும் மெத்தை.

பயிற்சி
1. மதில் எதைத் தடுக்கும்? எதைத் தடுக்காது?
2. ஊஞ்சல் உவமையை உம் சொற்களில் விளக்குக.
3. ரயில் செல்லும் இடத்திற்கு அருகிலுள்ள வீட்டில், பெரியவர் துணையுடன், ஒரு கிண்ணத்தில் நீர் வைத்து அதன் மேற்பரப்பைக் கவனிக்க. கண்டதை ஐந்து வரிகளில் எழுதுக.